இஸ்ஃபஹானுக்கு ஒரே ஒரு பகல்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

2024 பிப்ரவரி 8 (சென்னை வாசகர் கேள்வி)

"இந்தியர்களுக்கு ஈரான் போக இனி விசா வேண்டாம் என்று இந்த வாரம் நடைமுறைக்கு வந்துவிட்டது. விமானத்தில் போனால் 15 நாள் தங்கலாம். மார்ச் கடைசியில் டெஹ்ரான், இஸ்ஃபஹான், ஷிராஸ் என்று திட்டம். இஸ்ஃபஹானுக்கு ஒரு பகல்தான் கிடைக்கும். நக்‌ஷே ஜஹான் சதுக்கம், செஹெல் சொதூன் மாளிகை, ஆடும் மினாரா, ஜூல்ஃபா தேவாலயம், இரண்டு பாலங்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜும்மா பள்ளிவாசலை விட்டுவிட்டேன். அது வெறும் செங்கல் கட்டடம், நீல ஓடு பதித்ததெல்லாம் சதுக்கத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். சரிதானே?"

(விசா இல்லாமல் போகும் இந்தச் சலுகையை ஈரான் 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது.)

2024 பிப்ரவரி 8, இரவு

சரியில்லை. பட்டியலிலிருந்து எதை வேண்டுமானாலும் அடியுங்கள், ஜும்மா பள்ளிவாசலை மட்டும் அடிக்காதீர்கள்.

அடிக்க வேண்டியது ஆடும் மினாரா. அது 14ஆம் நூற்றாண்டுச் சமாதி ஒன்றின் மேல் நிற்கும் இரட்டை மினாரா. ஒன்றை உலுக்கினால் மற்றதும் ஆடும். வேடிக்கைதான், ஆனால் ஊருக்கு மேற்கே தள்ளி இருக்கிறது. உலுக்கிக் காட்டும் நேரம் வரை கூட்டத்தோடு நிற்க வேண்டும். போக, வர, காத்திருக்க என்று ஒரு பகலில் பெரிய துண்டை அது தின்றுவிடும்.

2024 பிப்ரவரி 9

நேற்று அவசரத்தில் எழுதினேன். இன்று காரணத்தோடு.

இஸ்ஃபஹானில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று செல்ஜுக் சுல்தான்களின் 11ஆம் நூற்றாண்டு ஊர், அதன் நடு ஜும்மா பள்ளிவாசல். மற்றது முதலாம் ஷா அப்பாஸ் 1598இல் கஸ்வீனிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிய பிறகு எழுப்பிய ஊர், அதன் நடு நக்‌ஷே ஜஹான் சதுக்கம். இரண்டையும் இணைப்பது சுமார் 2 கிலோமீட்டர் நீளக் கூரையிட்ட கடைத்தெரு. பழைய ஊரின் வியாபாரத்தைத் தன் புதுச் சதுக்கத்துக்கு இழுத்துவர வேண்டும் என்பது ஷாவின் கணக்கு. சதுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது ஒரு அழகான முற்றம், அவ்வளவுதான். பழைய ஊரிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்து வந்து, அது சதுக்கத்தில் திறக்கும் கைசரியா வாசலில் வெளியே காலெடுத்து வைத்தால்தான், அந்த 560 மீட்டர் வெட்டவெளி ஏன் அங்கே இருக்கிறது என்பது உடம்புக்கே தெரியும்.

அதனால் வரிசை இது: காலையில் கதவு திறந்ததும் ஜும்மா பள்ளிவாசல், அங்கிருந்து கடைத்தெரு வழியே தெற்கு நோக்கி நடை, சதுக்கம், மாலையில் ஆற்றங்கரை. எல்லாரும் ஹோட்டலிலிருந்து நேராகச் சதுக்கத்துக்கு டாக்சி பிடிக்கிறார்கள். அதைச் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அன்று தொழுகைக்கான நாள்.

பள்ளிவாசலுக்குள் என்ன பார்ப்பது? நடு முற்றத்தின் நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கித் திறந்த நான்கு பெரிய வளைவு மண்டபங்கள், அவற்றை ஈவான் என்பார்கள். இதில் நிற்கும்போதே பாதிப்பேர் திருப்திப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கு ஈவானைத் தாண்டி உள்ளே போங்கள். சுல்தான் மாலிக் ஷாவின் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1086-87 வாக்கில் கட்டுவித்த பெரிய குவிமாடம் அங்கே இருக்கிறது. பிறகு வடக்குக் கடைசிக்கு நடந்து போங்கள். நிஜாமுல் முல்க்கின் போட்டியாளர் தாஜுல் முல்க் 1088இல் கட்டிய சிறிய குவிமாடம் அங்கே. ஓரிரு ஆண்டு இடைவெளியில், ஒரே வளாகத்தில், ஒருவரை ஒருவர் மிஞ்சக் கட்டியவை. அரசியலில் அவர்களுக்குள் நடந்த சண்டையை இந்தச் செங்கல்லிலும் பார்க்கலாம்.

எனக்கு வடக்குக் குவிமாடம்தான். ஓடு இல்லை, வண்ணம் இல்லை. செங்கல், எழுத்து, வளைவு மட்டும். சதுரமான அறையின் மேல் எட்டு வளைவு, அதன் மேல் பதினாறு, அதன் மேல் வட்டம் என்று பாரம் கைமாறிக்கொண்டே மேலே போகிறது. அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். என் அக்கா கட்டடக்கலை எதுவும் படிக்காதவள், அவளும் பேசாமல் நின்றாள். "வெறும் செங்கல்" என்று உங்களிடம் சொன்னவர் வடக்கு மூலை வரை நடந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மேற்குப் பக்கத்து அறையில் 1310இல் மங்கோலிய அரசர் ஒல்ஜைத்து செய்வித்த சுண்ணச்சாந்து மிஹ்ராபையும் (மக்கா திசையைக் காட்டும் மாடம்) கேட்டுப் பாருங்கள். சில சமயம் பூட்டியிருக்கும். காவலரிடம் சிரித்துக் கேட்டால் திறப்பார்கள்.

2024 பிப்ரவரி 9, மதியம்

பணம் பற்றிக் கேட்டவருக்கு: நம் கார்டு எதுவும் அங்கே ஓடாது. பொருளாதாரத் தடையால் விசா கார்டு, மாஸ்டர் கார்டு இரண்டும் இல்லை. முழுப் பயணத்துக்கும் டாலரோ யூரோவோ கையில் கொண்டு போக வேண்டும். நோட்டில் அச்சாவது ரியால், கடைக்காரர் சொல்வது தோமான். 10 ரியால் 1 தோமான். அதிலும் ஆயிரங்களை விழுங்கிவிட்டு "ஐம்பது" என்பார்கள். ரியாலா தோமானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாரசீக எண்களைப் போகும் முன்பே படித்து வையுங்கள், விலைப்பலகை எல்லாம் அதில்தான்.

2024 பிப்ரவரி 11

உங்கள் தேதியை இப்போதுதான் சரியாகக் கவனித்தேன். மார்ச் கடைசியா? மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மார்ச் 20 நவ்ரூஸ், பாரசீகப் புத்தாண்டு. அன்று தொடங்கி ஏப்ரல் 1 வரை நாடு முழுக்க விடுமுறை, பாதி ஈரான் காரில் ஏறி இஸ்ஃபஹானுக்கு வரும். அறை கிடைப்பதே பாடு. போதாததற்கு இந்த ஆண்டு ரமலானும் அதே நாட்களில் வருகிறது. மார்ச் 12 வாக்கில் தொடங்கி ஏப்ரல் 9 வரை. பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும், தெருவில் தண்ணீர் குடிப்பதும் மரியாதையில்லை. ஏப்ரல் பாதிக்கு மேல் என்றால் வெயிலும் இதமாக இருக்கும்.

2024 பிப்ரவரி 12

சதுக்கத்துக்கு வருவோம்.

கைசரியா வாசலில் நின்று பார்த்தால் எதிரே தெற்கில் ஷா பள்ளிவாசல் (புரட்சிக்குப் பிறகு இமாம் பள்ளிவாசல்), இடப்பக்கம் ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல், வலப்பக்கம் ஆலி காப்பு அரண்மனை. வடக்கிலும் தெற்கிலும் போலோ ஆட்டத்துக்கு நட்ட கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஷா மேல்மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்.

இவற்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஷேக் லுத்ஃபுல்லா. 1603 முதல் 1619 வரை கட்டியது. மினாரா இல்லை, முற்றம் இல்லை. ஊர் கூடித் தொழுவதற்குக் கட்டவில்லை, அரச குடும்பத்துக்கென்று கட்டியது. சதுக்கம் கிப்லாவை, அதாவது தொழும் திசையைப் பார்த்து அமையவில்லை. அதனால் வாசலில் நுழைந்ததும் இருட்டான நடை ஒன்று இடமும் வலமுமாகத் திருப்பி, மக்கா திசைக்கு நேராக உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கண் இருட்டுக்குப் பழகி முடியும் நேரத்தில் குவிமாடத்துக்குக் கீழே வந்துவிடுவீர்கள். மேலே எலுமிச்சை வடிவப் பதக்கங்கள் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். உச்சியில் ஒரு சூரியன். சன்னல் வழியே விழும் வெளிச்சம் அதற்குக் கீழே மயில்தோகைபோல நீண்டு விரியும்.

தரையில் உட்காருங்கள். சுவரோரமாக, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். பயணக் குழுக்கள் அலையலையாக வந்து படமெடுத்துப் போகும். நடுவே ஆளில்லாத இடைவெளி ஒன்று வரும். நான் அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து குவிமாடத்தைப் பாருங்கள், நீலமில்லை, இளம் பழுப்பு. காலையில் ஒரு நிறம், சாயங்காலம் லேசான ரோஜா நிறம். அதனால் சதுக்கத்தை விட்டுப் போகும் முன் இன்னொரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

2024 பிப்ரவரி 12, இரவு

"ஓடு எல்லாம் ஒன்றுதானே, ஒரு பள்ளிவாசல் பார்த்தால் போதாதா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்றில்லை. பார்வையாலேயே பிரித்துவிடலாம்.

பழைய முறை முஅர்ரக்: ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியே சுட்ட ஓட்டை, வரைந்த வடிவத்துக்கேற்பச் சின்னச்சின்னத் துண்டாகச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து இழைப்பது. ஒரு பூவின் ஒரு இதழ் ஒரு துண்டு. நிறம் ஆழமாக இருக்கும், வேலை மாதக்கணக்கில் இழுக்கும். மற்றது ஹஃப்த் ரங்கி, ஏழுவண்ண முறை: ஒரே சதுர ஓட்டில் எல்லா வண்ணமும் தீட்டி ஒரே சூட்டில் சுடுவது. வேகமான வேலை, செலவும் குறைவு. ஷா பள்ளிவாசலை 1611இல் தொடங்கியபோது அப்பாஸ் நாற்பதைத் தாண்டியிருந்தார். தன் காலத்திலேயே முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. அதனால் பெரிய நுழைவாயிலில் இழைத்த வேலை, உள்ளே ஏக்கர் கணக்கான சுவருக்கு ஏழுவண்ண ஓடு. வாசலில் நின்று ஒரு சதுர அடியை உற்றுப் பாருங்கள், உள்ளே போய் இன்னொரு சதுர அடியைப் பாருங்கள். உள்ளே சதுரக் கோடுகள் தெரியும், வெளியே தெரியாது. ஷா 1629இல் இறந்தார், வேலை ஏறக்குறைய அதே நேரத்தில்தான் முடிந்தது.

அந்தப் பள்ளிவாசலில் குவிமாடத்துக்கு நேர்கீழே நின்று கைதட்டினால் எதிரொலி அடுக்கடுக்காகத் திரும்பும். வெளியே தெரியும் குவிமாடம் 50 மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே நாம் பார்க்கும் கூரை அது இல்லை. இரண்டு கூடுகளாகக் கட்டியிருக்கிறார்கள், நடுவே ஆள் நிற்கும் உயரத்தைப் போலப் பல மடங்கு வெற்றிடம். ஊருக்கெல்லாம் தெரிய வெளிக்கூடு ஓங்கி நிற்க வேண்டும், உள்ளே நிற்பவருக்கு உள்கூடு அளவோடு இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த இரட்டை ஏற்பாடு.

2024 பிப்ரவரி 14

சாப்பாடு. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

மதியம் பெர்யான். வேகவைத்து அரைத்த ஆட்டிறைச்சியைச் சிறிய வட்டச் சட்டியில் நெய் ஊற்றி முறுகவிட்டு, பட்டைத்தூள் தூவி, சூடான ரொட்டியில் வைத்துத் தருவார்கள். பக்கத்தில் நுரையீரல் கறி, துளசி மாதிரிக் கீரை, பச்சை வெங்காயம், மோர். கொழுப்பு அதிகம், அதனால் மதியத்துக்குப் பிறகு நடக்கிற வேலை வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவுக்குள் கைசரியா வாசலருகே கூஷ்ஃபீல் விற்பார்கள். சர்க்கரைப் பாகில் தோய்த்த மொறுமொறு இனிப்பு. அதோடு உப்பும் புளிப்புமான மோர் ஒரு குவளை. முதல் வாய்க்கு என் அக்கா முகத்தைச் சுளித்தாள். பிறகு என் பங்கும் போய்விட்டது.

பிஸ்தா வைத்த கஸ் மிட்டாய் வாங்கினால் டப்பாவில் பிஸ்தா எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கத்தரிக்காய் வேகவைத்து மசித்த காஷ்கே பாதெம்ஜானைக் கேளுங்கள். மேலே ஊற்றுவது பால்பொருள்தான்.

2024 பிப்ரவரி 17

ஆற்றைப் பற்றி எழுதத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

முதல் முறை நான் போனது இலையுதிர் காலம். சாயந்தரம் ஸீ ஓ ஸே பாலத்தின் 33 வளைவுகளும் விளக்கு வெளிச்சத்தில் ஒளிர்ந்தன. கீழே தண்ணீர் இல்லை. வெடித்த மண், நடுவே பையன்கள் பந்து விளையாடினார்கள், வாடகைப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீண்டும் 2019 வசந்தத்தில் போனபோது நல்ல மழை பெய்திருந்தது, ஸாயந்தே ருத் கரை முட்ட ஓடியது. இரவு பத்து மணிக்கும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, தேநீர் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. தண்ணீரைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு பாட்டி படியில் இறங்கிக் கையை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

ஜாக்ரோஸ் மலையில் பிறந்து, சுமார் 400 கிலோமீட்டர் ஓடி, கவ்கூனி சதுப்பில் முடிகிற ஆறு இது. கடலுக்குப் போகாது. மேலே அணை, உருக்காலைகள், யஸ்த் போன்ற வறண்ட ஊர்களுக்குக் குழாய், ஆற்றுக்கு மேல்பகுதியில் புதுப் பாசனம், அதோடு வறட்சி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊருக்குள் ஆறு பெரும்பாலும் காய்ந்தே இருக்கிறது. விவசாயிகளுக்காகத் திறந்துவிடும் சில வாரங்கள்தான் தண்ணீர். 2021 நவம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் காய்ந்த ஆற்று மணலிலேயே, காஜு பாலத்தடியில், கூடாரம் போட்டுப் போராடினார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊரே கீழே இறங்குகிறது, பழைய கட்டடங்களில் விரிசல் கண்டிருக்கிறது.

காஜு பாலத்தைப் பாலமாக மட்டும் பார்க்காதீர்கள். 1650 வாக்கில் இரண்டாம் ஷா அப்பாஸ் கட்டியது, அணையும் அதுவே. அடிவளைவுகளில் மதகு உண்டு. பலகை இறக்கினால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கி ஏரியாகும், சுற்றியிருந்த தோட்டங்களுக்குப் பாயும். கீழ்ப்பக்கம் படிக்கட்டு, உட்கார. நடுவே எண்கோண மாடம், அரசர் உட்கார. நடக்க, நீர் தேக்க, காற்று வாங்க என்று மூன்றுக்கும் ஒரே கல் கட்டடம். தண்ணீர் இல்லாவிட்டாலும் மாலையில் வளைவுகளின் அடியில் ஆண்கள் கூடிப் பாடுவார்கள். வாத்தியம் கிடையாது. வளைவுதான் குரலைத் தூக்கிக் கொடுக்கும். ஒருவர் ஒரு கஜலை எடுப்பார், முடித்ததும் இன்னொருவர். அங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

உங்கள் நாளில் ஆறு ஓடுகிறதா என்று ஹோட்டலில் கேளுங்கள். ஓடினால் பகல் திட்டத்தைச் சுருக்கிக்கொண்டு நேரத்தோடு கரைக்குப் போங்கள்.

2024 பிப்ரவரி 20

ஜூல்ஃபாவா செஹெல் சொதூனா என்ற கேள்விக்கு இரண்டு மனமாக இருக்கிறேன்.

செஹெல் சொதூன் 1647இல் முடிந்த மாளிகை. முன்மண்டபத்தில் 20 மரத்தூண்கள், நீண்ட குளம். உள்ளே பெரிய சுவரோவியங்கள். டெல்லியை இழந்து ஓடிவந்த ஹுமாயூனை ஷா தஹ்மாஸ்ப் வரவேற்கும் விருந்து ஒரு சுவரில். 1739இல் நாதிர் ஷா முகலாயப் படையை முறியடித்த கர்னால் போர் இன்னொரு சுவரில், அது பிற்காலத்தில் சேர்த்தது. அடைக்கலம் கொடுத்ததும் அடித்து வென்றதும் ஒரே கூடத்தில். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு விடக்கூடாத இடம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஜூல்ஃபா.

ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஆர்மீனியக் குடியிருப்பு அது. 1604-05இல் ஷா அப்பாஸ் அராஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜூல்ஃபா ஊரைக் காலி செய்து, அங்கிருந்த ஆர்மீனிய வணிகர்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து குடியேற்றினார். வழியில் ஏராளமானவர்கள் செத்தார்கள். வந்து சேர்ந்தவர்களின் கையில் ஷா பட்டு வியாபாரத்தைக் கொடுத்தார், அவர்கள் அதை ஆம்ஸ்டர்டாமிலிருந்து மணிலா வரை கொண்டுபோனார்கள். அந்த வழியில் ஒரு முக்கிய நிறுத்தம் மதராஸ். ஜூல்ஃபாவில் பிறந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான்தான் 1726இல் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் உபயம். இன்று அங்கே நிற்பது மறைமலை அடிகள் பாலம், அவருடைய கல்வெட்டு மட்டும் பக்கத்தில் இருக்கிறது. 1751இல் மதராஸில் இறந்தவர், தன் இதயத்தை மட்டும் ஜூல்ஃபாவில் புதைக்கச் சொன்னார் என்பார்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்ததும் மதராஸில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் ஷிராஸிலிருந்து வந்தவர், பாரிமுனை ஆர்மீனியன் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். நீங்கள் அடுத்துப் போகப்போகும் ஊர்தான் அந்த ஷிராஸ்.

வான்க் தேவாலயம் வெளியே பார்த்தால் பள்ளிவாசல் மாதிரியே செங்கல் குவிமாடம். உள்ளே தரையிலிருந்து உச்சிவரை பைபிள் காட்சிகள், பொன்வேலை. 1664 வாக்கில் முடிந்தது. எதிரே அருங்காட்சியகத்தில் 1638இல் இங்கே அச்சிட்ட சங்கீதப் புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள், ஈரானில் அச்சான முதல் புத்தகம் அதுதான். ஒற்றைத் தலைமுடியில் பைபிள் வாக்கியம் பொறித்து, உருப்பெருக்கியில் காட்டுவார்கள். பிள்ளைகள் இருந்தால் அதை விட்டு நகர மாட்டார்கள்.

2024 பிப்ரவரி 21

பெண்கள் கேட்டதற்கு: தலைத்துணி சட்டம், விமானம் இறங்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும் தளர்வான மேல்சட்டை போதும். நம் சுடிதார் துப்பட்டா சரியாகப் பொருந்தும், பருத்தியாக இருந்தால் வழுக்காது. நானும் அக்காவும் இரவு பதினொரு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து நடந்தே அறைக்கு வந்தோம். பயமாக இல்லை.

தேநீருக்கு அழைப்பார்கள். கடைத்தெருவில் தாமிரத்தட்டில் உளியால் கொத்தும் பெரியவர் ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பொலக்கி மிட்டாயும் தேநீரும் தந்தார். எதையும் விற்க முயலவில்லை. கொத்துகிற ஓசைக்கு நடுவில் அவர் பேச்சு பாதி கேட்கவில்லை, ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை.

2024 ஏப்ரல் 20

கேள்வி கேட்டவர் தேதியை ஏப்ரல் கடைசிக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். இப்போது போகாதீர்கள். இந்தியர்கள் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் போக வேண்டாம் என்று 12ஆம் தேதியே வெளியுறவு அமைச்சகம் சொல்லிவிட்டது. நேற்று அதிகாலை இஸ்ஃபஹான் பக்கத்திலேயே வெடிச்சத்தம், விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்தியிருக்கிறார்கள். சதுக்கமும் பாலங்களும் இருக்கிற ஊர் அது. ஜும்மா பள்ளிவாசலிலேயே ஒரு பகுதி ஈராக்குடனான போரில் குண்டு விழுந்து இடிந்து, திருப்பிக் கட்டியதுதான். அங்கே தேநீர் கொடுத்தவர்களை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

நிலைமை தெளிந்து, அமைச்சகம் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்ட பிறகு அக்டோபர் கடைசியைப் பாருங்கள். மாதுளைக் காலம், வெயில் குறைவு, நவ்ரூஸ் கூட்டமும் இருக்காது. ஷிராஸுக்கு இரவு பஸ் எடுத்தால் தெற்குப் பக்க சொஃபே நிலையத்திலிருந்து ஏறுங்கள். ஜூல்ஃபாவிலிருந்து அது பக்கம், வடக்கே காவே நிலையத்துக்கு ஊர் முழுக்கக் குறுக்கே போக வேண்டும்.